தேங்காய்க்குக் கண் தெரியுமா? – ஊருக்குப் போகிறவர்களுக்குத் தலைக்காயம் பற்றிச் சில குறிப்புகள்



மார்கழி விடுமுறை நெருங்கினால் எங்கள் சனம் குடும்பம் குடும்பமாக கிளினிக்குக்கு வரும். “டொக்டர், ஊருக்குப் போறம். பிள்ளையளுக்கு என்ன ஊசி போடவேணும்?” தைபொயிட், ஹெப்பற்றைற்றிஸ் ஏ, டெங்கு நுளம்பு, தெருநாய், கிணற்றுத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கதைப்போம். “முற்றத்தில் நிற்கிற தென்னைக்கு என்ன செய்யவேணும்?” என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த வருடம் வந்த ஓர் அம்மா நினைவூட்டிவிட்டுப் போனார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

வயது எழுபதைத் தாண்டியவர். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர். மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து தலையிடி. மகள் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்தார். பிறகு பேரனை மகனின் பெயரால் கூப்பிடத் தொடங்கினார். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தார். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. “வயசு போட்டுது டொக்டர், மறதி வருத்தம் வருகுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றுதான் மகள் கூட்டிக்கொண்டு வந்தார்.

தலையில் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை. எங்கேயாவது விழுந்தீர்களா? இல்லை. மூன்றாந்தரமும் வேறு விதமாகக் கேட்டபோது அம்மா சிரித்தார். “நான் விழேல்லைத் தம்பி. ஒரு குரும்பட்டிதான் விழுந்தது.”

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலேயிருந்து கைப்பிடி அளவில் ஒரு குரும்பை கொண்டைக்குப் பக்கத்தில் பட்டுத் தெறித்திருக்கிறது. கொஞ்சம் நோ, கொஞ்சம் வீக்கம். எண்ணெய் பூசிவிட்டுத் தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டிருக்கிறார். அது நடந்து ஐந்து கிழமை. அன்று பின்னேரமே ஸ்கான் எடுத்தோம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு விரல் தடிப்புக்குப் பழைய இரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கம் தள்ளியிருந்தது. மாத்திரையின் வேலையை முறித்து, அடுத்த நாள் மண்டையோட்டில் இரண்டு சிறு துளைகள் போட்டு அதை வெளியே எடுத்தார்கள். பேரனுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது.

கண் இருக்கிற காய்

என் அப்பாச்சி சொல்லுவா, “தேங்காய்க்கு மூண்டு கண் இருக்கு, ஆளைப் பாத்துத்தான் விழும்” என்று. உங்கள் வீடுகளிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். பிறந்து வளர்ந்த வளவில் பதினொரு தென்னை நின்றது. அவற்றின் கீழே படித்தோம், விளையாடினோம், சாய்மனைக் கதிரை போட்டுப் படுத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அப்பாச்சி சொன்னது உண்மை என்றே பல வருடம் இருந்தேன்.

அப்பாச்சி சொன்னதற்குக் கணக்கில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு தென்னையைச் சுற்றி மூன்று மீற்றர் ஆரைக்கு ஒரு வட்டம் போட்டால் ஏறத்தாழ 28 சதுர மீற்றர் வரும். நின்றுகொண்டிருக்கும் ஒருவருடைய தலையும் தோளும் மேலேயிருந்து பார்த்தால் அதில் மிகச் சிறிய ஒரு துண்டு. காய் விழுகிற அந்தக் கணத்தில் நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கவும் வேண்டும், அந்தத் துண்டிலேயே அது விழவும் வேண்டும். மரத்தைக் கடந்து போகிறவருக்கு இது நடப்பது அபூர்வம். ஆனால் வட்டத்துக்குள் ஒரு கதிரையைப் போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தால்? அங்கேயே ஏணை கட்டிப் பிள்ளையை வளர்த்தினால்? எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று கிணற்றடியிலேதான் தென்னை வைப்பார்கள். குளிப்பதும் தோய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். பெண்களும் பிள்ளைகளும் அதிக நேரம் நிற்கிற இடமும் அதுதான்.

தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பாளை விடும். பூத்துக் காய் முற்ற ஒரு வருடம். ஆகவே காய்க்கிற மரத்தில் எந்த நேரமும் பத்துப் பன்னிரண்டு கொத்து வெவ்வேறு பருவத்தில் நிற்கும். முற்றியது காம்பு காய்ந்து தானாக விழும். அணிலும் எலியும் கோதியது பருவத்துக்கு முன்னரே விழும். குரும்பை காரணமே இல்லாமல் உதிரும். காற்று அடித்தால்தான் விழும் என்று நினைக்கிறோம். காற்றே இல்லாத நடுச்சாமத்தில் “தொப்” என்று கேட்டு எழும்பியவர்களுக்கு அது சரியில்லை என்று தெரியும். மட்டையும் அப்படித்தான். மாதம் ஒன்றளவில் கழரும். நாலைந்து மீற்றர் நீளமுள்ள காய்ந்த மட்டை அடிப்பக்கம் கீழாக வந்தால் அதுவும் தேங்காய்க்குக் குறைந்ததல்ல.

இப்போது வேகத்தைப் பாருங்கள். 15 மீற்றர் உயர மரத்திலிருந்து விழும் காய் நிலத்துக்கு வர இரண்டு வினாடி கூட எடுக்காது. வந்து சேரும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டும். 20 மீற்றர் என்றால் 70. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்கிறேன்: மெதுவான சுழற்பந்து வீச்சாளரின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கிரிக்கெட் பந்து 160 கிராம். உரிக்காத தேங்காய் ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். பச்சையாக, தண்ணீர் நிறைந்து நிற்கும்போது இன்னும் பாரம். பொச்சு மெத்தை போல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். தேங்காயைக் காப்பாற்றுவதற்குத்தான் அந்த மெத்தை. எங்கள் மண்டையோட்டுக்கு அதனால் கிடைக்கும் உதவி கொஞ்சம்தான்.

சிரிப்பும் புள்ளிவிபரமும்

இந்த விடயத்தைக் கணக்கெடுத்து எழுதியவர் பீற்றர் பார்ஸ் என்ற வைத்தியர். பப்புவா நியூ கினியின் மில்ன் பே மாகாணத்தில், அலோட்டாவ் மாகாண வைத்தியசாலையில் நான்கு வருடங்கள் காயப்பட்டு அனுமதிக்கப்பட்டவர்களைப் பார்த்தார். அவர்களில் 2.5 சதவீதமானோர் விழுந்த தேங்காயால் அடிபட்டவர்கள். தலைக்காயப்பட்ட நால்வரை அவர் விபரித்திருக்கிறார். இருவருக்கு மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வேறு இருவர் அடிபட்ட கிராமத்திலேயே இறந்துபோனார்கள். 1984இல் வெளியான இந்தக் கட்டுரைக்கு 2001இல் மருத்துவத்துக்கான ‘இக் நொபெல்’ பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. சிரித்தவர்களில் எத்தனை பேர் தென்னைக்குக் கீழே வாழ்ந்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அடுத்த வருடம், 2002இல், பிரித்தானியப் பயணக் காப்புறுதி நிறுவனம் ஒன்று உலகில் வருடம் 150 பேர் தேங்காய் விழுந்து இறக்கிறார்கள் என்று விளம்பர அறிக்கை விட்டது. சுறா கடித்து இறப்பவர்களைவிட இது அதிகம் என்று பத்திரிகைகளும் எழுதின. இன்றும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அது சுற்றுகிறது. பார்ஸின் கட்டுரையில் அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. அப்படி எண்ணிப் பார்த்தவர்களும் இல்லை. உங்களுக்கு வந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.

நான் முக்கியமாக நினைப்பது சொலமன் தீவுகளிலிருந்து வந்த கணக்கை. தலைநகர் ஹொனியாராவின் தேசிய வைத்தியசாலையில் 1994 முதல் 1999 வரை சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு வந்த காயங்களில் 3.4 சதவீதம் தென்னையோடு தொடர்புள்ளவை. காய் விழுந்து அடிபட்டவர்கள் 16 பேர். மரமே சாய்ந்து விழுந்து காயப்பட்டவர்கள் 3 பேர். தென்னையைக் காலால் உதைத்துக் காயப்பட்டவர் ஒருவரும் இருக்கிறார். மரத்திலிருந்து விழுந்தவர்களோ 85 பேர். இதைப்பற்றிக் கீழே திரும்ப வருகிறேன்.

ஆபத்து உண்மையானது என்று நம்பியவர்களும் இருக்கிறார்கள். 2010 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா மும்பைக்கு வந்தபோது, அவர் பார்க்கவிருந்த மணிபவன் காந்தி நினைவில்லத்தைச் சுற்றி நின்ற தென்னைகளிலிருந்து காய்களை முன்கூட்டியே இறக்கினார்கள். இங்கே வட குயின்ஸ்லாந்தில் கடற்கரைத் தென்னைகளின் காயையும் குரும்பையையும் நகரசபைகள் ஆள் வைத்து வெட்டி அகற்றுகின்றன. கேன்ஸ் பக்கம் போனவர்கள், காயே இல்லாத தென்னையைப் பார்த்து “இது என்ன மலட்டுத் தென்னையோ” என்று கேட்டிருப்பீர்கள்.

தலைக்குள் நடப்பது

காய் உச்சந்தலையில் நேரே விழுந்தால் தலையோடு கழுத்தும் அந்த அடியை வாங்கும். கழுத்தெலும்பு நொறுங்கலாம். சாய்ந்து விழுந்தால் தோளெலும்பு, காறை எலும்பு முறியலாம். மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் முகமும் கண்ணும் அகப்படும். அதனால் தென்னைக்குக் கீழே சரசரப்புக் கேட்டால் மேலே பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கைகளால் தலையை மூடிக்கொண்டு மரத்தைவிட்டு வெளியே ஓடவேண்டும்.

தலையில் பட்டால் நான்கு விதமாக நடக்கலாம். பெரும்பாலும் தோல் கிழிந்து இரத்தம் பாயும். பார்க்கப் பயமாக இருக்கும், தைத்தால் மாறிவிடும். இரண்டாவது மூளை அதிர்ச்சி. கொஞ்ச நேரம் மயக்கம், தலைச்சுற்று, நடந்தது நினைவில்லாமை. இதுவும் ஓய்வோடு மாறும்.

மற்ற இரண்டும்தான் ஆளைக் கொல்பவை. காதுக்கு மேலே உள்ள எலும்பு மண்டையோட்டின் மெல்லிய பகுதி. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடித்தால் அந்த நாடி கிழிந்து இரத்தம் வேகமாகச் சேரும். இதில் பொல்லாத விடயம், அடிபட்டவர் முதலில் நன்றாக இருக்கலாம் என்பது. எழும்பி நடப்பார், கதைப்பார், தேத்தண்ணி குடிப்பார். ஒரு மணித்தியாலம், சிலவேளை சில மணித்தியாலம் கழித்துத் தலையிடி கூடும், சத்தி எடுப்பார், நித்திரை தூங்குவது போலச் சோர்வார். பிறகு எழுப்ப முடியாது.

நான்காவது அந்த அம்மாவுக்கு வந்தது. வயது போகப் போக மூளை சற்றுச் சுருங்கும். மூளையிலிருந்து அதன் உறைக்குப் போகும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கும். ஒரு சின்னத் தட்டலே அவற்றை அறுக்கப் போதும். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கிழமைக் கணக்கில் சேரும். வார்ஃபரின், அபிக்சபான், ரிவரொக்சபான், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் இலகுவாக நடக்கும். மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அப்படியே. ஊரிலிருந்து திரும்பிய அம்மா அப்பாவுக்குப் புதிதாக மறதியோ, தடுமாற்றமோ, தலையிடியோ வந்தால் ‘வயது’ என்று விட்டுவிடாதீர்கள். முந்திய இரண்டு மூன்று மாதத்தில் தலையில் ஏதும் பட்டதா என்று கேளுங்கள். “விழுந்தீர்களா” என்று மட்டும் கேட்டால், நான் பட்ட பாடுதான் படுவீர்கள்.

1995, தென்மராட்சி

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதியதில் பாதி புத்தகப் படிப்பாகவே இருக்கும்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது எங்களில் பலருக்கு மறக்காது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவன். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிறைந்தபின் வந்தவர்கள் தென்னங்காணிகளுக்குள் தறப்பாள் கட்டிக்கொண்டார்கள். எங்கள் குடும்பமும் கொடிகாமம் பக்கத்தில் அப்படி ஒரு காணிக்குள்தான் இருந்தது. மாரி மழை, காற்று. சொந்தக்காரர் காய் பிடுங்கவும் வழியில்லை, ஏறுகிற ஆட்களும் அகதிகளாக எங்கேயோ. மரம் நிறையக் காய். ஷெல்லுக்குப் பயந்து வந்தவர்களுக்குத் தேங்காய் ஒரு பயமாகவே தெரியவில்லை.

ஒரு காலை பக்கத்துத் தறப்பாளில் இருந்த எட்டு ஒன்பது வயதுப் பொடியனின் தலையில் காய் விழுந்தது. மட்டையில் பட்டுத்தான் விழுந்தது. அழுதான். இடது காதுக்கு மேலே வீக்கம், இரத்தம் ஒன்றும் இல்லை. நான் மருத்துவம் படிக்கிறவன் என்று தாய் என்னைக் கூப்பிட்டா. பெயர் கேட்டேன், சொன்னான். கை காலை அசைக்கச் சொன்னேன், அசைத்தான். தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தான். “ஒண்டுமில்லை அக்கா, கொஞ்ச நேரம் படுக்க விடுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தண்ணி அள்ளப் போனேன்.

வரிசையில் நின்று அள்ளிக்கொண்டு வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பொடியன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான். நல்ல நித்திரை என்றா தாய். தட்டினேன், எழும்பவில்லை. இமையைத் திறந்து பார்த்தபோது இடது கண்மணி பெரிதாக இருந்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்தவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். ஸ்கான் இல்லை, மூளைச் சத்திரசிகிச்சை செய்ய ஆள் இல்லை. பொழுதுபடும் முன் முடிந்துவிட்டது.

நான் போகாமல் பக்கத்தில் இருந்திருந்தாலும் அந்த நாளில், அந்த இடத்தில் அவன் தப்பியிருக்க மாட்டான் என்று பின்னர் ஆசிரியர் ஒருவர் எனக்குச் சொன்னார். சரியாக இருக்கலாம். தாய் என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. இங்கே வந்து பரீட்சை எல்லாம் திரும்ப எழுதி வேலைக்குப் போன நாளிலிருந்து, தலையில் அடிபட்ட ஒருவரையும் “ஒன்றுமில்லை” என்று சொல்லி நான் அனுப்புவதில்லை. “இப்போது ஒன்றுமில்லை, இன்று இரவு இவற்றைப் பாருங்கள்” என்றுதான் சொல்கிறேன்.

அடிபட்டால்

முதல் வேலை, இருவரும் மரத்துக்குக் கீழிருந்து வெளியேறுவது. ஆனால் மயங்கிக் கிடப்பவரையோ கழுத்து நோகிறது என்பவரையோ கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் உடலோடு நேராக இரு கைகளாலும் பிடித்திருக்க, மற்றவர்கள் ஒரே மரப்பலகை போல அசைக்க வேண்டும். மேலே விழக் காத்திருக்கும் வேறு காய் இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே விடுவது நல்லது. மூச்சு இருக்கிறதா பாருங்கள். மயக்கத்தில் சத்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் அமத்திப் பிடியுங்கள். எலும்பு உள்ளே பதிந்தது போல் இருந்தால் அமத்தாமல் மேலே துணியை மட்டும் மூடுங்கள். கோப்பித்தூள், சீனி, மஞ்சள், சாம்பல் ஒன்றும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கிற வைத்தியரின் சாபம் பொல்லாதது. முகத்தில் தண்ணீர் ஊற்றுவதும், மயங்கியவரின் வாயில் சோடாவோ இளநீரோ பருக்குவதும் வேண்டாம். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம். அஸ்பிரின், புறூபென் கொடுக்கக் கூடாது.

இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். வடமாகாணத்திலும் 2018 முதல் இருக்கிறது. ஊரிலுள்ள உறவுகளுக்கு முதலில் ஓட்டோதான் நினைவுக்கு வரும். நினைவிழந்தவருக்கு ஓட்டோ கூடாது.

எப்போது உடனே போக வேண்டும்? சிறிது நேரமாவது நினைவு தப்பியிருந்தால். ஒரு தடவைக்கு மேல் சத்தி எடுத்தால். தலையிடி குறையாமல் கூடிக்கொண்டு போனால். கதை குழறினால், ஒரு கை காலில் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால். காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த தண்ணீரோ வந்தால், காதுக்குப் பின்னால் நீலம் பாரித்தால். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால், 65 வயதைத் தாண்டியவரென்றால், இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவரென்றால் இந்த அறிகுறிகள் எதற்கும் காத்திருக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், உயர்ந்த மரத்திலிருந்து முற்றிய காய் யார் தலையில் விழுந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

தலையில் அடிபட்டவரை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர், வழமைபோலக் கதைத்து நடமாடுகிறவர் நித்திரை கொள்ளலாம். நித்திரை அவரைக் கொல்லாது. நித்திரை என்று நினைத்து நாங்கள் பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து. முதல் இரவு ஒரு பெரியவர் பக்கத்தில் படுத்து, இடையிடையே தட்டிப் பாருங்கள். “என்ன, நித்திரை கொள்ள விடுறியளில்லை” என்று சினந்தால் நல்ல அறிகுறி. 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டக் கூடாது, மது கூடாது. மூளை அதிர்ச்சி வந்த பிள்ளைகள் இங்கே திரும்பி வந்து கிரிக்கெட், புட்போல் விளையாடுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். மூளைக்குள் இரத்தக் கசிவு இருந்தவர் அனுமதியில்லாமல் விமானம் ஏறக் கூடாது. பயணக் காப்புறுதி எடுக்காமல் போகிறவர்களைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும், இப்போது விடுகிறேன்.

வளவைப் பாருங்கள்

ஊர் வீட்டுக்குப் போன முதல் நாள் பெட்டியைத் திறக்கும் முன் ஒருமுறை வளவைச் சுற்றி மேலே பார்த்து நடவுங்கள். பல வீடுகளில் வருடக் கணக்கில் ஆள் இல்லை. காணி விடுபட்டுத் திரும்பிய இடங்களில் மரங்களைப் பார்ப்பாரில்லை. காய்ந்த கொத்து, தொங்குகிற மட்டை, கறுத்த ஓலை தெரிந்தால் அந்த மரத்தின் கீழே ஒருவரையும் விடாதீர்கள். கதிரை, ஏணை, கட்டில், உடுப்புக் கொடி, வாகனம் எல்லாவற்றையும் வட்டத்துக்கு வெளியே எடுங்கள். தென்னையை வெட்டு என்று நான் சொல்ல மாட்டேன். தென்னம்பிள்ளை என்று பிள்ளையாகச் சொல்லி வளர்த்த மரம் அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் பிடுங்கினால், மரத்தில் விழக் காத்திருக்கும் காய் குறைந்துவிடும். அதற்கு ஊரிலுள்ளவர்களுக்கு ஒழுங்கு செய்து கொடுங்கள். பிடுங்கும்போது காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் இறக்கச் சொல்லுங்கள். கொத்தைத் தாங்கி நிற்கிற பச்சை மட்டையை அழகுக்காக வெட்ட வேண்டாம், கொத்து மடிந்து தொங்கும்.

பிஜி, பாலி, ஹவாய் என்று போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெரிய ஹொட்டேல்களில் காய் வெட்டியிருப்பார்கள். பக்கத்துக் கடற்கரையில் வெட்டியிருக்க மாட்டார்கள். இரண்டு தென்னைக்கு நடுவே ஊஞ்சல் படுக்கை கட்டிப் படம் எடுக்கிற ஆசை இருந்தால், மரம் உயிரோடு உறுதியாக நிற்கிறதா, மேலே காய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கொக்கத்தடியால் இளநீர் பிடுங்குவதிலும் இரண்டு விடயம் உண்டு. நேரே கீழே நின்று இழுக்காதீர்கள். இப்போது பலர் மூங்கிலை விட்டுவிட்டு இரும்புக் குழாயிலும் அலுமினியத்திலும் தடி செய்கிறார்கள். அது மின்சாரக் கம்பியில் பட்டால் தேங்காயைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

மேலே ஏறுகிறவர்

ஹொனியாராவில் 85 பேர் மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்றேனே. எங்கள் ஊர்க் கணக்கை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாணவனாக வார்டில் நின்ற நாட்களில் தேங்காய் விழுந்து வந்தவர்களைவிட, தென்னையிலோ பனையிலோ இருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்து வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், முதுகில் படுக்கைப் புண்ணோடு கிடந்த அந்த மனிதர்கள் குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகள்.

நாங்கள் போனால் பிள்ளைகளுக்குச் செவ்விளநீர் குடிக்க ஆசை. உடனே மச்சானின் மகன், “நான் ஏறுறன் சித்தப்பா” என்று வருவான். மழை பெய்து மரம் வழுக்கும். நாங்களும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்போம். அடுத்தமுறை தடுத்துவிடுங்கள். தொழிலாகச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிற காசில் பேரம் பேசாதீர்கள். நாங்கள் இங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கிற காசுதான் அது. இடுப்புப் பட்டியும் கயிறும் வாங்கிக் கொடுத்தால் தளைநாரை மட்டும் நம்பி ஏறுகிறவருக்கு அது பெரிய உதவி. கேரளத்தில் 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னையின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இயந்திரத்தால் மரமேறப் பழக்கிக் காப்புறுதியும் கொடுத்தது. எங்கள் ஊர்ச் சங்கங்கள் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டுவதோடு, ஊருக்கு இப்படி இரண்டு ஏறும் இயந்திரம் வாங்குவதையும் யோசிக்கலாம். இதைச் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்க எனக்கு எண்ணம்.

போகுமுன் அம்மா அப்பாவின் மாத்திரைப் பட்டியல் ஒன்றை எழுதி அவர்களின் கைப்பையிலும் உங்கள் போனிலும் வையுங்கள். இரத்தம் உறையாத மாத்திரை இருந்தால் அதற்குக் கீழே கோடு போடுங்கள். எழுதித் தர நேரம் இல்லையென்றால் என் கிளினிக்கில் கேளுங்கள், அச்சடித்துத் தருவார்கள்.

அந்த அம்மா சென்ற மாதம் தையல் வெட்டிய தழும்பைக் காட்ட வந்தார். மீண்டும் ஊருக்குப் போக ஆயத்தம். கிணற்றடித் தென்னையில் காய் எல்லாம் பிடுங்கியாயிற்றா என்று கேட்டேன். மருமகன் ஆள் பிடித்து இறக்கிவிட்டாராம், தோய்க்கிற கல்லையும் தள்ளிப் போட்டாயிற்றாம். “எங்கை தள்ளிப் போட்டியள்?” என்றேன். “பிலாமரத்துக்குக் கீழை, தம்பி” என்றா.